உம்மாவை உட்கார வைக்காதீர்கள்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவக் கூட்டத்தில் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தருகிறோம்.)

 

எலும்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்று எல்லோருக்கும் புரியும்படி அரைமணி நேரம் பேச வேண்டும் என்று நிர்வாகிகள் கேட்டார்கள். சரி என்றேன். கூட்டம் தொடங்குவதற்கு முன் அலுவலகத்தின் பின்னறையைக் காட்டினார்கள். அறக்கட்டளை இரவலாகக் கொடுக்கும் சாமான்கள் அங்கே இருக்கின்றன. தலைப்பக்கம் தூக்கும் கட்டில், தண்ணீர் மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல். பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தேன். கட்டிலும் மெத்தையும் ஒரு வீட்டிலிருந்து திரும்பிய அன்றே அடுத்த வீட்டுக்குப் போயிருக்கின்றன. வாக்கர்கள் தூசி படிந்து நிற்கின்றன. எதற்காக வாங்கினார்கள் என்ற இடத்தில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது: "தாயார், கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிவு."

ஆகவே 206 எலும்புகளின் பெயர்களையும் ஒப்பிக்கப் போவதில்லை. அது உங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டில் ஏன் ஓய்வில்லாமல் வீடு வீடாகச் சுற்றுகிறது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. என் வாப்பா மவுத்தாகும்போது உம்மாவுக்கு 66 வயது. அதுவரை வீட்டில் ஓர் ஆள் வேலை அல்ல, மூன்று ஆள் வேலை செய்தவர். கிணற்றில் நீர் இறைப்பார், அம்மியில் மசாலா அரைப்பார், அரிசி மூட்டையை இழுத்துப் போடுவார், மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்குவார். இத்தா முடிந்த பிறகு பிள்ளைகள் நாங்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தோம். இத்தனை வருஷம் உழைத்தது போதும், இனி உம்மா ராணி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல சாய்வு நாற்காலி ஒன்று வாங்கினோம். தண்ணீர் குடிக்கக்கூட எழ விடவில்லை. "நீங்க உட்காருங்க மாமி" என்று மருமகள்கள் ஓடி வருவார்கள். ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். நானோ எலும்பு மருத்துவன். தினமும் பத்துப் பேரின் எலும்பைப் பார்க்கிறவன். அந்த நாற்காலியை வாங்கிப் போட்டவன் நான்தான். மீதிக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் எலும்பு என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

எலும்பு என்றதும் நம் மனதில் வருவது நல்லி. பிரியாணிச் சட்டியில் கிடக்கும் வெள்ளையான, காய்ந்த, உயிரில்லாத பொருள். அதைப் பார்த்துப் பார்த்து நம் உடம்புக்குள் இருப்பதும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். உடம்புக்குள் இருக்கும் எலும்பு ஈரமானது, இரத்தம் ஓடுவது, அறுத்தால் இரத்தம் கசிவது. பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டில் செய்து பாருங்கள். கறி முழுக்க நீக்கிய கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் ஊறப் போடுங்கள். வினிகரை இடையில் ஒரு தடவை மாற்றி, நாலைந்து நாள் கழித்து எடுத்தால் அது ரப்பர் போல வளையும். கடினத்தைக் கொடுத்த சுண்ணாம்புச் சத்தை வினிகர் கரைத்துவிட்டது. மிஞ்சியது கொலாஜன் என்ற நார். இன்னொரு எலும்பை அடுப்பில் நன்றாகச் சுட்டால் நார் எரிந்துபோகும். சுண்ணாம்பு மட்டும் நிற்கும். விரலால் நசுக்கினால் பொடியாகும். கான்கிரீட்டில் கம்பியும் ஜல்லிக் கலவையும் சேர்ந்து நிற்பது போல, எலும்பில் நாரும் கால்சியம் பாஸ்பேட் உப்பும் சேர்ந்து நிற்கின்றன. கம்பி இல்லாத கான்கிரீட் வெடிக்கும், கலவை இல்லாத கம்பி வளையும்.

ஆனால் கான்கிரீட்டுக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கட்டடத்தை ஒரு தடவை கட்டினால் முடிந்தது. எலும்பில் கட்டட வேலை மவுத் வரை நிற்பதில்லை. பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும் செல்கள் ஒரு கூட்டம். அந்தப் பள்ளத்தில் புது எலும்பைப் பூசும் செல்கள் இன்னொரு கூட்டம். இப்படி வருஷத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எலும்பு புதிதாக மாறுகிறது. உங்களிடம் இன்று இருக்கும் எலும்பு, உங்கள் நிக்காஹ் அன்று இருந்த எலும்பு அல்ல.

எங்கே இடிப்பது, எங்கே பூசுவது என்று யார் சொல்வது? எலும்புக்குள்ளேயே சிறைப்பட்டது போல் கிடக்கும் மூன்றாவது வகைச் செல் ஒன்று இருக்கிறது. பாரம் ஏறும்போது எலும்பு மயிரிழை அளவு வளையும் அல்லவா, அந்த வளைவை அது உணர்கிறது. இங்கே பாரம் வருகிறது, பலப்படுத்து என்கிறது. பாரம் வராத இடத்தைப் பார்த்தால், இது வீண் செலவு, இடித்துவிடு என்கிறது. ஜெர்மனியில் யூலியஸ் வோல்ஃப் என்ற அறுவை மருத்துவர் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். டென்னிஸ் ஆடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, மறுகை எலும்பைவிடத் தடிமனாக இருக்கிறது. உணவும் இரத்தமும் இரண்டு கைக்கும் ஒன்றுதான். வாங்கும் அடியில்தான் வித்தியாசம். இதற்கு நேர்மாறு, விண்வெளிக்குப் போகிறவர்கள். அங்கே எடை கிடையாது, மிதந்துகொண்டே இருப்பார்கள். தேர்ந்தெடுத்த திடகாத்திரமான ஆட்கள், நல்ல சாப்பாடு. அப்படியும் இடுப்பு எலும்பில் மாதம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை கரைந்து போவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அதற்காகவே தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள்.

நாங்கள் வாங்கிப் போட்ட சாய்வு நாற்காலியில் என் உம்மா நாலு வருஷம் மிதந்தார்.

எலும்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஒரு கஜானா. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு சதவீதம் இரத்தத்திலும் மற்ற இடங்களிலும் இருக்கிறது. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் அந்தச் சிறு பங்கு கட்டாயம் வேண்டும். இரத்தத்தில் அது குறைந்தால் உடம்பு பொறுக்காது. கஜானாவைத் திறந்து எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் சாப்பிடாத ராகியின் விலையை உங்கள் இடுப்பு எலும்பு கட்டும். முப்பது வயதுக்குள் சேர்த்த எலும்புதான் பெரும்பாலும் ஆயுசுக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு முதல் ஐந்து ஏழு வருஷங்களில் கரைவது வேகமாகிறது. சிலருக்கு அந்தக் காலத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடுகிறது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. விழும் வரை தெரியாது.

இனி தசைக்கு வருகிறேன். எலும்போடு ஒட்டிய தசைகள் அறுநூறுக்கும் மேல். தசைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: இழுக்கும். தள்ளத் தெரியாது. அதனால்தான் எல்லா மூட்டிலும் எதிரெதிராக ஆள் நிறுத்தப்பட்டிருக்கிறது. கையை மடக்க மேற்கையின் முன்பக்கத் தசை இழுக்கிறது. நீட்ட, பின்பக்கத் தசை இழுக்கிறது. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் பேசி வைத்துக்கொண்டு ஆடுவது மாதிரி.

சின்ன கணக்கு ஒன்று. முழங்கையை மடக்கி, உள்ளங்கையில் ஐந்து கிலோ எடையுள்ள குடத்தை ஏந்துகிறீர்கள். மூட்டிலிருந்து குடம் சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. தசை வந்து ஒட்டும் இடமோ மூட்டிலிருந்து வெறும் ஐந்து சென்டிமீட்டர். ஏற்றத்தின் நுனியில் சால், அச்சுக்குப் பக்கத்தில் ஆள் நிற்பது போல. ஐந்து கிலோவைத் தாங்கத் தசை 35 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் எலும்பின் மேல் விழுகிறது. ஆக, எலும்புக்குப் பாரம் வைப்பது பெரும்பாலும் வெளியே இருக்கும் சுமை அல்ல, சொந்தத் தசைதான். தசை மெலிந்தால் எலும்புக்குப் பாரம் குறைகிறது, பாரம் குறைந்தால் எலும்பும் மெலிகிறது. இரண்டும் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக நலியும் தம்பதி.

தசை எப்படிச் சுருங்குகிறது என்பது 1954 வரை சரியாகத் தெரியாது. அந்த வருஷம் இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் ஒரே முடிவை வெளியிட்டன. ஒரு குழுவில் ஹியூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி. உறவினர்கள் அல்ல, பெயர் அப்படி அமைந்துவிட்டது. தசைக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. நரம்பு உத்தரவு கொடுத்ததும் உள்ளே கால்சியம் பாய்கிறது. உடனே மயோசினின் சின்னச் சின்னத் தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து இழுக்கின்றன. படகைக் கரையேற்றும்போது வலைக்காரர்கள் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்பார்களே, அப்படி. இழை சுருங்குவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஏறுகிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. பிடித்த பிடியை விடுவதற்குத்தான் ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் தேவை. இங்கே மையித்தைக் குளிப்பாட்டும் பெரியவர்கள் இருக்கிறீர்கள். உயிர் பிரிந்ததும் தாமதிக்காமல் கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கை கால்களை நீட்டி வைக்கிறோம். சில மணி நேரம் கழித்தால் விறைத்துவிடும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. அதன் காரணம் இதுதான். ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது. பிடித்த கோடிக்கணக்கான பிடிகள் விட முடியாமல் அப்படியே நிற்கின்றன. கண் இமை, தாடை போன்ற சிறிய தசைகளில் அது முதலில் தெரியும்.

வயதாகும்போது தசையில் நடப்பதைக் கவனமாகக் கேளுங்கள். தசை நார்களில் இரண்டு வகை உண்டு. நிதானமாக, களைக்காமல், நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை. சட்டென்று, பலமாக, கொஞ்ச நேரம் உழைப்பவை இன்னொரு வகை. வயதானால் முதலில் மெலிவது இந்த இரண்டாவது வகை. காலில் பாய் தடுக்குகிறது. உடனே மறுகால் முன்னே பாய்ந்து ஊன்ற வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் நடக்க வேண்டிய காரியம். அதைச் செய்வது அந்தச் சட்டென்ற நார்கள்தான். அவை இல்லாதவர் நடப்பார், பேசுவார், பார்ப்பதற்கு நன்றாகவே இருப்பார். தடுக்கினால் மட்டும் மரம் போலச் சாய்வார். பாய் எல்லார் காலையும் தடுக்கத்தான் செய்கிறது, வாலிபன் விழுவதில்லை.

விழுந்தால் உடைவது எங்கே? தொடை எலும்பு உடம்பிலேயே நீளமான எலும்பு. மேல்முனையில் அது ஒரு பக்கமாக வளைந்து, குறுகிய கழுத்தாகி, உருண்டையாக இடுப்புக் குழிக்குள் உட்காருகிறது. அந்தக் கழுத்தும் அதை ஒட்டிய பகுதியும்தான் உடைகின்றன. நாம் "இடுப்பு எலும்பு" என்று சொல்வது உண்மையில் தொடை எலும்பின் மேற்பகுதி. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சாயாமல் பக்கத்துத் தசை பிடித்து இழுப்பதால், அந்த மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை மூன்று மடங்கு பாரம் விழுகிறது. நடை என்பதே மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதானே. இங்கேயே ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். இடுப்பு மூட்டு வலிக்கும் பக்கத்திலேயே கம்பு ஊன்றி வரும் பெரியவர்களைத் தெருவில் பார்க்கிறேன். வலது இடுப்பு வலித்தால் கம்பு இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பக்கத்துத் தசையின் இழுப்பு குறையும், மூட்டின் பாரம் குறையும். இன்று வீட்டுக்குப் போகும்போதே மாற்றிப் பிடித்துப் பாருங்கள்.

என் உம்மா விழுந்தது சுபுஹுக்கு முன்னால். குளியலறைக்குப் போனவர் விளக்குப் போடவில்லை. யாரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று. தரை ஈரம். நான் அப்போது வெளியூரில் ஒரு மாநாட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல வாப்பா, புரண்டிருக்கு, அவ்வளவுதான்" என்று என்னிடமே தொலைபேசியில் சொன்னார். கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து கட்டுப் போடுகிறவரை அழைத்து வந்து எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். நான் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

அந்த அடையாளத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர் விழுந்து, எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளியே திரும்பிக் கிடந்தால் அது முறிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காலை இழுக்காதீர்கள், நீவாதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள். அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கட்டுப் போடுகிறவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. கை எலும்பில் சின்ன விரிசலுக்கு மட்டை வைத்துக் கட்டினால் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் தொடைக் கழுத்தைச் சுற்றிக் கட்ட இடமே இல்லை, அது சதைக்குள் ஆழத்தில் கிடக்கிறது. உருண்டைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. அங்கே உடைந்தால் அவையும் அறுபடுகின்றன. ஆகவே உருண்டையை மாற்றவோ, உடைந்த இடத்தைப் பொறுத்துக் கம்பியோ திருகாணியோ வைத்து நிறுத்தவோ வேண்டியிருக்கிறது. உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது, உடல்நிலை இடம் கொடுத்தால் ஒன்று அல்லது இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் என்று. "இந்த வயசில் ஆபரேஷனா?" என்று கேட்கிறார்கள். இந்த வயசாக இருப்பதால்தான். வாலிபன் மூன்று மாதம் படுத்தாலும் எழுந்துவிடுவான். எழுபது வயதுக்காரரை மறுநாளே நிற்க வைக்கத்தான் இந்த ஆபரேஷன். காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். அதைத் தேடுவதில் அரைநாள் போன வீடுகளை நான் அறிவேன்.

இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார்கள். உடைந்த எலும்பினால் அல்ல. படுக்கையினால். நெஞ்சில் சளி கட்டுகிறது, முதுகில் புண் வருகிறது, கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைகிறது, சிறுநீரில் கிருமி தொற்றுகிறது. தசையோ பனிக்கட்டி போல உருகுகிறது. அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்கள் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் இல்லை, முறிவு இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை போயிருந்தது.

உம்மாவுக்கு ஐந்தாம் நாள் ஆபரேஷன் நடந்தது. வாக்கர் பிடித்து நிற்க வைத்தோம். தொடையில் பலமில்லை. நாலு வருஷமாக எழ விடாத தொடை. ஆறு அடி நடந்ததும் உட்கார்ந்துவிடுவார். "இருக்கட்டும் உம்மா, நாளைக்குப் பார்ப்போம்" என்று நாங்களும் விட்டுவிடுவோம். எட்டாவது மாதம் நெஞ்சுச் சளியில் மவுத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

"வயசானால் அப்படித்தான், இனி உடம்பு தேறுமா?" என்ற பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். நம்பிக்கை வேறு, பார்ப்பது வேறு. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதி வைத்ததை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலகமே ஒப்பித்தது. 1200ஐ ஒட்டி எகிப்தில் கொடிய பஞ்சம் வந்து, எலும்புகள் குவிந்து கிடந்தன. பாக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் என்ற மருத்துவர் அங்கே போய் ஒவ்வொரு மண்டையோடாக எடுத்துப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கு மேல் பார்த்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். தாடையில் ஒட்டே இல்லை, ஒரே எலும்பு. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் கண்ணால் கண்டதே அதைவிட நம்பத்தக்கது என்று அவர் முடிவு செய்தார்.

அதே மாதிரி ஒரு பார்வையை 1990இல் பாஸ்டன் நகரில் பார்த்தார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேர். வயது 86 முதல் 96 வரை. பலவீனமானவர்கள். மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரின் குழு, தொடைத் தசைக்கு எடை தூக்கும் பயிற்சியை எட்டு வாரம் அவர்களுக்குக் கொடுத்தது. இலேசான எடை அல்ல, தூக்க முடிந்த அளவில் கனமான எடை. ஒன்பது பேர் முடித்தார்கள். தொடையின் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. இரண்டு பேர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதில்! என் உம்மா நாற்காலியில் உட்காரும்போது வயது 66. இந்த ஆய்வு வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. நான் அதைப் படித்தும் இருந்தேன்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முதலில் ஒரு பரிசோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பெரியவரை உட்கார வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து எழுந்து உட்கார வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை குறைந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவு இது. ஐந்து தடவை முடியவே இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். இதே பரிசோதனைதான் மருந்தும். காலையில் பத்து, மாலையில் பத்து. முடியாதவர் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கி மூன்றிலிருந்து தொடங்கட்டும். வாரம் போகப் போகத் தலையணையை எடுத்துவிடலாம். கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லாவிட்டால் எலும்பும் தசையும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நெஞ்சு வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

முட்டி வலிக்காரர்கள், "நடந்தால் தேயும்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். முட்டித் தேய்மானத்துக்கு நாங்கள் முதலில் எழுதித் தரும் மருந்தே தொடைத் தசைப் பயிற்சி. யார் நாற்காலியில் தொழலாம் என்பது ஆலிம்களிடம் கேட்க வேண்டிய விஷயம், எனக்கு அதில் வேலையில்லை. என் அறையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். வீக்கம் வடிய இரண்டு வாரம் நாற்காலி என்று நான் சொல்லி அனுப்பியவர் ஐந்து வருஷம் கழித்து வருகிறார், இன்னும் நாற்காலியில். கடையை மகனிடம் விட்டுவிட்ட ஒரு பெரியவருக்கு, தரையிலிருந்து எழுவது ஒன்றுதான் தொடைக்கு அன்றாடம் மிஞ்சிய கனமான வேலை. அதையும் விட்டால் திரும்பப் பெறுவது சிரமம். முடியுமா என்று மருத்துவரைக் கேட்டு, முடிந்தால் மெதுவாகத் திரும்புங்கள்.

உணவைப் பற்றி நீட்ட மாட்டேன். வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. நூறு கிராம் ராகியில் 350க்கு அருகில், ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாம் நம் கைக்கு எட்டும் பொருள்கள். தசைக்கு முட்டை, மீன், பருப்பு. பெரியவர்கள் இரவில் இரண்டு ரஸ்க்கும் தேநீரும் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள், அது போதாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தின்ற கால்சியம் குடலிலிருந்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அது வெயில் தோலில் படுவதால் உண்டாகிறது. இவ்வளவு வெயில் அடிக்கும் நாட்டில் இந்தச் சத்து இல்லாதவர்கள் ஏராளம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உதவாது. அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே போகும்போது உடல் மூடி இருப்பதால், வீட்டின் முற்றத்திலோ நாலு பக்கமும் தட்டி கட்டிய மொட்டை மாடியிலோ, பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள், கையும் காலும் வெயில் படும்படி கொஞ்ச நேரம் இருங்கள். துணி காயப்போடுவதை வேலைக்காரியிடம் விடாதீர்கள் என்று என் வீட்டில் சொல்லியிருக்கிறேன். மூட்டு வலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். சாப்பிட்டதும் வலி ஓடிவிடுகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டால் எலும்பும் கரையும், தசையும் கரையும்.

குளியலறையில் கைப்பிடி ஒன்று, வழுக்காத தரைவிரிப்பு ஒன்று, இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு ஒன்று. எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாள் மருத்துவமனை வாடகை ஆகாது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

இப்போது என் உம்மாவின் தங்கை, என் சாச்சி, என் வீட்டில் இருக்கிறார். வயது 74. அரிசி களைவது, கீரை ஆய்வது, மாடிக்கு இரண்டு தடவை போய் வருவது அவர் வேலை. யாரும் வாங்கிச் செய்யக் கூடாது என்பது என் உத்தரவு. வருகிற சொந்தக்காரர்கள், "வயசானவங்களை இப்படியா வேலை வாங்குறது?" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். சாச்சி போன வாரம் எழுந்து உட்கார்ந்தது 10 விநாடி.

கூட்டம் முடிந்ததும் பின்னறையில் இருக்கும் வாக்கர்களின் உயரத்தை ஒவ்வொருவருக்கும் சரிபார்த்துத் தர ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பெண்களுக்குப் பெண் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். வீட்டில் பழைய வாக்கர் வைத்திருப்பவர்கள் காலடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அதுவே வழுக்கிவிடும். மாற்று ரப்பர் இங்கே இலவசமாகக் கிடைக்கும். இப்போது, முன்வரிசையில் இருக்கும் அறுபது வயதைத் தாண்டியவர்கள் மட்டும், கையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு தம்பி நிற்கட்டும். நான் கடிகாரம் பார்க்கிறேன். எழுங்கள், ஒன்று.